கணக்கு மட்டும் மேல்வகுப்புக்குப் போகட்டும்

சார், அம்மா, இருவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை நீங்கள் கிளம்பிப் போன பிறகும் எனக்கு உங்கள் பிள்ளை, நம் தம்பியின் நினைப்பாகவே இருந்தது. நான்காம் வகுப்புப் பையன் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா போடுகிறான். பள்ளியில் டபுள் புரமோஷன் தருகிறோம் என்கிறார்கள், ஒத்துக்கொள்ளலாமா? ஐஐடி நுழைவுத் தேர்வுக்கான ஃபவுண்டேஷன் கோர்ஸில் சேர்க்கலாமா? ஐக்யூ டெஸ்ட் எடுக்கலாமா? மூன்று கேள்வி கேட்டீர்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அன்று அவசரமாகப் பேசி அனுப்பிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 37-ஐ 43-ஆல் பெருக்கச் சொன்னீர்கள். அடுத்த நொடியே 1591 என்றான். சொன்ன கையோடு அவன் பார்வை உங்கள் முகத்துக்குப் போனது. அடுத்து நீங்கள் கேட்ட நான்கு கணக்குக்கும் அப்படியேதான்: விடை, உடனே அப்பா முகம்.

அப்புறம் நீங்கள் இருவரும் காபி குடிக்கப் போனீர்கள். அந்த இருபது நிமிடத்தில் அவனுக்கு ஒரு விளையாட்டு சொல்லிக் கொடுத்தேன். மகாராஷ்டிராவின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் 1949இல் கண்டுபிடித்தது அது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும், நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, அதிலிருந்து சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கியதைக் கழிக்க வேண்டும். வரும் விடையை வைத்து மறுபடியும் அதையே செய்ய வேண்டும். தம்பி 3524 எடுத்தான். 5432-இல் 2345 போக 3087. 8730-இல் 0378 போக 8352. 8532-இல் 2358 போக 6174. அதற்குமேல் எத்தனை முறை செய்தாலும் 6174-தான். வேறு எண் எடுத்தான், அதுவும் அங்கேயே வந்து நின்றது. ஐந்தாவது எண்ணுக்குப் பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு அவனாகவே மூன்று இலக்கத்தில் போட்டுப் பார்த்து, "இதுல 495 வருது சார்" என்றான். அடுத்து, "அஞ்சு இலக்கத்துக்கும் ஒண்ணு இருக்குமா?" அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சார், உங்கள் மகனுடைய திறமை அங்கே இருக்கிறது. வேகமாகப் பெருக்குவது கைப்பழக்கம், அதற்கு இப்போது போன் போதும். ஒன்றைப் பார்த்ததும் அடுத்ததைக் கேட்கிறானே, அதுதான் கிடைத்தற்கரியது. இனி நாம் எடுக்கிற முடிவெல்லாம் அந்தக் கேள்விக்கு நேரமும் இடமும் கொடுக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

டபுள் புரமோஷன் வேண்டாம். சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு பெண் குழந்தை வந்தது. இரண்டு வகுப்பு தாண்டலாம் என்று நான்தான் சொன்னேன். பதினைந்து வயதில் பிளஸ் டூ முடித்தாள், நல்ல மார்க். ஆனால் மருத்துவத்தில் சேர, சேரும் வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். தாண்டி மிச்சம் பிடித்த இரண்டு வருடமும் வீட்டில் காத்திருப்பதிலேயே போனது. அதைவிடப் பெரிய இழப்பு, எட்டு வருடம் தன் வயதுத் தோழி ஒருத்தியும் இல்லாமல் படித்தது. அன்றைக்கு அதை நான் யோசிக்கவில்லை. இன்றுவரை அது என் மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது.

வேறு வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1975இல் பிறந்த கணித மேதை டெரன்ஸ் டாவோவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூன்றரை வயதில் பள்ளியில் சேர்த்துப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. அவனுடைய பெற்றோர் சில வாரத்திலேயே நிறுத்திவிட்டு, ஐந்து வயதில் மறுபடி சேர்த்தார்கள். அதன்பிறகு முழுப் பையனையும் தூக்கி மேலே வைக்கவில்லை. கணக்குக்கு ஒரு வகுப்பு, மற்றப் பாடங்களுக்கு வேறு வகுப்பு என்று பள்ளியோடு பேசி ஏற்பாடு செய்தார்கள். சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் 1986இல் வெண்கலம், 1987இல் வெள்ளி, 1988இல் தங்கம். 2006இல் கணிதத்தின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம். எல்லாப் பிள்ளையும் டாவோ ஆகிவிடாது. ஆனால் அந்த ஏற்பாடு எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும்.

நீங்கள் தலைமை ஆசிரியரிடம் கேட்க வேண்டியது இதைத்தான். கணக்குப் பீரியடில் மட்டும் தம்பி ஏழாம் வகுப்பில் போய் உட்காரட்டும். தமிழ், இங்கிலீஷ், பி.டி. பீரியட், சாப்பாடு எல்லாம் தன் வகுப்போடு. டைம்டேபிள் இடிக்கும் என்பார்கள். வாரத்தில் மூன்று நாள் கிடைத்தாலும் போதும், விடாமல் கேளுங்கள்.

"நம்ம ராமானுஜன் மாதிரி, மற்ற பாடம் கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தா பரவாயில்லை" என்றீர்கள். இதை நான் ஒத்துக்கொள்ள முடியாது. கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜனுக்கு உதவித்தொகை போனதே கணக்கைத் தவிர மற்றதில் தேறாததால்தான். சென்னைக்கு வந்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் (இன்றைய பிளஸ் டூ மாதிரி) அதே கதை. 1912இல் துறைமுகத்தில் கிளார்க் வேலையில் உட்காரும்வரை அவர் பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. அவருக்கு வழி விடாதது அந்தக் காலத்துப் படிப்பு முறையின் குற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பட்டினி எதுவும் அவர் கணக்கை வளர்க்கவில்லை. தம்பி தமிழில் கதை படிக்கட்டும், இங்கிலீஷில் நாலு வாக்கியம் தப்பில்லாமல் எழுதட்டும். கண்டுபிடித்ததை நாளைக்கு இன்னொருவருக்குப் புரியவைக்க மொழி வேண்டாமா?

ஃபவுண்டேஷன் கோர்ஸ் இப்போது வேண்டாம். அங்கே கேள்வியை அவர்கள் கேட்பார்கள், இவன் வேகமாக விடை சொல்ல வேண்டும். மறுபடியும் அப்பா முகத்தைப் பார்க்கிற பழக்கம்தான் வளரும். எட்டாம் வகுப்புக்கு வந்ததும் கணித ஒலிம்பியாடின் முதல் கட்டமான ஐஓக்யூஎம் எழுதலாம். ஒலிம்பியாடின் தேசியக் கட்டத்தில் சிறப்பாகத் தேறியவர்களுக்குச் சிறுசேரி சென்னைக் கணிதக் கழகத்தில் நேரடி இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஐஐடி மெட்ராஸும் ஒலிம்பியாட் மாணவர்களுக்கு 2025 முதல் தனிச் சேர்க்கை வைத்திருக்கிறது. இதெல்லாம் நான்கைந்து வருடம் கழித்துத் தொடங்குவது. குகேஷ் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனதைப் பார்த்துப் பதறாதீர்கள். செஸ்ஸுக்குச் சின்ன வயதிலேயே இறங்கியாக வேண்டும். கணக்குக்கு அந்த அவசரம் கிடையாது.

ஐக்யூ டெஸ்ட்டும் இப்போது தேவையில்லை. அமெரிக்காவில் 1921இல் டெர்மன் என்பவர் ஐக்யூ பார்த்து மேதைக் குழந்தைகளைப் பொறுக்கி எடுத்து ஆய்வு நடத்தினார். அதில் தேறாமல் திரும்பிய இரண்டு பையன்கள், ஷாக்லியும் ஆல்வரெஸும், பின்னாளில் இயற்பியலில் நோபல் பரிசு வாங்கினார்கள். தம்பிக்குத் தூக்கமோ, கோபமோ, எழுதுவதில் சிரமமோ இருந்தால் சொல்லுங்கள், மனநல நிபுணரிடம் நானே அனுப்புகிறேன்.

அம்மா, இது உங்களுக்கு. "சின்னவளுக்கு இதெல்லாம் வராது சார்" என்று சொன்னீர்கள். பாப்பா என் மேஜைக்கடியில் உட்கார்ந்து செருப்பு வாரைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள். நீங்கள் அதைச் சொன்னதும் அந்தக் கை அப்படியே நின்றது. பிரக்ஞானந்தா 2018இல் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அக்கா வைஷாலி அந்தப் பட்டத்துக்கான புள்ளியைத் தொட்டது 2023 டிசம்பரில், 22 வயதில். ஒரே வீடு, ஒரே ஆட்டம், வேறு வேறு நேரம். தயவுசெய்து அந்த வார்த்தையை இனி அவள் காதுபடச் சொல்லாதீர்கள்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள், சிறுவர் பகுதியில் விட்டுவிட்டுத் தள்ளி உட்காருங்கள். சொந்தக்காரர்கள் வரும்போது தம்பியைக் கூப்பிட்டுப் பெருக்கச் சொல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள், திருத்தாதீர்கள்.

ஐந்து இலக்கக் கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. நீங்களும் போனில் தேடிச் சொல்லிவிட வேண்டாம். அடுத்த மாதம் வரும்போது அந்த நோட்டை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள், எதுவரை போயிருக்கிறான் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.