நோன்பு மாதத்தில் ஒரு சுற்றுலா

கேள்வி: 2027ஆம் ஆண்டு பெப்ரவரி நடுப்பகுதியில் குடும்பமாக டுபாய் செல்வதற்கு விமானச் சீட்டுகளை எடுத்துவிட்டோம். என் மச்சாள் அங்கே வேலை செய்கிறார். சீட்டு எடுத்த பின்னர்தான் அந்த நாட்கள் ரமழான் நோன்புக்குள் விழுகின்றன என்பது தெரியவந்தது. நாங்கள் இந்துக்கள். ஏழு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். நீரிழிவு உள்ள மாமியும் எங்களுடன் வருகிறார். பகலில் சாப்பாடே கிடைக்காது, தண்ணீர் குடித்தாலும் பொலிஸ் பிடிக்கும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். பயணத்தைத் தள்ளிப் போடுவதா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: தள்ளிப் போட வேண்டாம். உறவினர்கள் சொல்வது முழுப் பொய்யும் அல்ல. அவர்கள் சொல்வது சில ஆண்டுகளுக்கு முந்திய டுபாயை. அப்போது நோன்புப் பகலில் திறந்திருக்கும் உணவகங்கள், உள்ளே சாப்பிடுகிறவர்கள் வெளியே தெரியாதபடி திரை கட்டியிருக்க வேண்டும். 2021இல் டுபாய் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. இப்போது பேரங்காடிகளின் உணவுக்கூடங்களிலும் ஹோட்டல்களிலும் நோன்பு நோற்காதவர்கள் பகலிலேயே அமர்ந்து சாப்பிடலாம். தெருவில் நடந்தபடி ஷவர்மா கடிப்பதும், பேருந்துத் தரிப்பிடத்தில் நின்று சிகரட் பற்றவைப்பதும் மட்டும் இன்றும் மரியாதைக் குறைவாகவே பார்க்கப்படும். மெட்ரோ ரயிலில் உணவு, தண்ணீர், சூயிங்கம் மூன்றுக்குமே ஆண்டு முழுவதும் தடை, மீறினால் தண்டம் 100 திர்ஹம். அதை நோன்பின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

ஆனால் டுபாயில் கண்டதை வைத்து வளைகுடா முழுவதையும் எடைபோட்டுவிடக் கூடாது. குவைத்தில் நோன்புப் பகலில் பொது இடத்தில் உண்பதற்கும் குடிப்பதற்கும் எதிராக 1968ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. 100 தினார் வரை தண்டமோ, ஒரு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம், அதற்கு மதம் ஒரு விலக்கு அல்ல. மொரோக்கோவிலும் தண்டனைச் சட்டம் இருக்கிறது, ஆயினும் அது முஸ்லிம்களை மட்டுமே கட்டுப்படுத்தும். துருக்கியில் அப்படியொரு சட்டமே இல்லை. இஸ்தான்புல்லின் தேநீர்க் கடைகள் பகலிலும் திறந்தே இருக்கும். ஆகவே யாராவது "முஸ்லிம் நாட்டில் அப்படித்தான்" என்று தொடங்கினால், எந்த நாட்டில் என்று முதலில் கேளுங்கள்.

பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட ஏதுமில்லை. பருவமடையாத பிள்ளைகள் மீது நோன்பு கடமை அல்ல என்பதால், சிறுவர் சாப்பிடுவதை அங்கே யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. மாமியின் விடயத்தில்தான் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். நோயாளிகளுக்கும் பயணிகளுக்கும் நோன்பிலிருந்து விலக்கு அளித்திருப்பது இஸ்லாமேதான். ஆகவே சர்க்கரை இறங்கும்போது அவர் கைப்பையிலிருந்து இனிப்பை எடுத்து வாயில் போடுவதற்குக் கூச்சப்படத் தேவையில்லை, தாமதிக்கவும் கூடாது. காலை உணவு நேரம் நீண்டிருக்கும் ஹோட்டலாகப் பாருங்கள். மதியத்துக்கானதை அறையிலேயே வைத்திருங்கள். சுப்பர் மார்க்கட்டுகள் பகல் முழுவதும் திறந்திருப்பதால் பாணுக்கும் பழத்துக்கும் தட்டுப்பாடு வராது. சில மருந்துகளுக்கு அந்நாட்டில் கட்டுப்பாடு இருப்பதால், மருத்துவரின் சீட்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது சாப்பாட்டைப் பற்றியல்ல, நேரத்தைப் பற்றி. நோன்பு மாதத்தில் ஓர் ஊரின் பகலும் இரவும் இடம் மாறிக்கொள்கின்றன. அமீரகத்தில் தனியார் துறையின் வேலை நேரம் நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் குறைகிறது. பகலில் வீதிகள் தூங்குவதுபோல் இருக்கும், இரவு பத்து மணிக்குப் பேரங்காடிகள் பெருநாள் சந்தைபோல் நிறையும். இதை அறியாமல் காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு போய், மாலை ஏழு மணிக்குக் களைத்து அறைக்குத் திரும்புகிற குடும்பம், அந்த ஊர் கண்விழிக்கும் வேளையில் கண்ணை மூடிக்கொள்கிறது. உங்கள் நாளையும் சற்றுத் திருப்பிப் போடுங்கள்: காலையில் அருங்காட்சியகமோ கடற்கரையோ, மதியத்தில் எல்லாரும் ஒரு தூக்கம், மாலை ஐந்தரைக்குப் பிறகு மீண்டும் வெளியே.

ஐந்தரைக்குப் பிறகு என்று சொன்னாலும், நோன்பு துறப்பதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் டாக்சியை நம்பாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் இந்தத் தவறைச் செய்தவன் நான். மறுகரையில் இருந்த ஹோட்டலுக்குப் போக டாக்சி பிடித்தேன். சாரதி பறந்தார், வீதியில் எல்லாரும் பறந்தார்கள். ஒரு சந்தியில் வாகனம் மெதுவாகியபோது, பதினைந்து வயது இருக்கக்கூடிய ஒரு பையன் யன்னலுக்குள் கையை நீட்டி, மூன்று பேரீச்சம்பழம் வைத்த சிறு பொலித்தீன் பையையும் ஒரு கோப்பைப் புளிச்சாற்றையும் என் மடியில் வைத்துவிட்டு அடுத்த வாகனத்துக்கு ஓடினான். வீட்டுக்குப் போய்ச் சேர முடியாதவர்கள் வீதியிலேயே நோன்பு துறக்கட்டும் என்பதற்காகச் செய்கிற தர்மம் அது. எனக்கும் சேர்த்துக் கொடுத்தான். நான் யார் என்று அவன் பார்க்கவில்லை. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது. சாரதி வாகனத்தை ஓரங்கட்டி, ஒரு பழத்தை மென்று முடித்து, அதன் பின்னரே பேசினார். அந்தப் பத்து நிமிடம் கெய்ரோ நகரில் வாகனச் சத்தமே கேட்கவில்லை.

டுபாயில் சூரியன் மறையும்போது பல இடங்களில் பீரங்கி வெடிப்பார்கள். வெடிப்பவர்கள் நீங்கள் பயப்படுகிற அதே பொலிஸார்தான்! பிள்ளைகளை அங்கே கூட்டிச் செல்லுங்கள். பெப்ரவரி நடுப்பகுதியில் மாலை ஆறேகாலை அண்டி அது நிகழும். புர்ஜ் கலீஃபாவின் 124ஆம் மாடிப் பார்வைத் தளத்துக்கு ஏறுவதாயின் அவர்களிடம் ஒரு புதிரும் போடலாம். உயரத்தில் இருப்பவருக்குச் சூரியன் தாமதித்தே மறைவதால், அக்கட்டடத்தின் 80ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு நிமிடமும், 150க்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடமும் கழித்து நோன்பு துறக்க வேண்டும் என்று டுபாயின் மார்க்க அறிஞர்கள் 2011இல் அறிவித்தார்கள்.

உங்கள் காலமும் நல்ல காலமே. ஹிஜ்ரி எனும் இஸ்லாமிய ஆண்டு நமது நாட்காட்டியைவிடப் பத்து, பதினொரு நாள் குறுகியது என்பதால் ரமழான் ஆண்டுதோறும் முன்னால் நகர்கிறது. 2015இல் ஜூன் மாதக் கொதிப்பில் வந்தது, 2027இல் குளிர்கால முடிவில் வருகிறது. பெப்ரவரி 8ஐ ஒட்டி அது தொடங்கும் என எதிர்பார்க்கலாம். ஆனாலும் பிறை முடிவு செய்யும் விடயம் அது. கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடி அறிவிக்கும் நாள், வளைகுடாவின் நாளுக்கு ஒரு நாள் பிந்துவதும் வழக்கம்தான்.

கேள்வி: திருமணமாகி இரண்டு மாதம். ரமழானில் மாலைதீவுக்குத் தேனிலவு போகலாமா? செலவைக் குறைக்க, மக்கள் வாழும் தீவொன்றில் விருந்தினர் இல்லம் பார்த்திருக்கிறோம்.
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: உல்லாச விடுதிகளுக்கென ஒதுக்கப்பட்ட தீவுகளில் நோன்பு உங்களைத் தொடாது, அங்கே எந்த மாதமும் ஒன்றுதான். மக்கள் வாழும் தீவில் நிலைமை வேறு: பகலில் தேநீர்க் கடைகள் மூடியிருக்கும், வெளியே உண்பதும் குடிப்பதும் கூடாது, விருந்தினர் இல்லத்துக்குள் மட்டுமே உணவு. மூன்று வேளையும் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மதுக்கடைகள் மூடியிருக்கும் போயா எனும் பௌர்ணமி தினத்தில் கொழும்புக்கு வந்திறங்கி மதுவுக்கு அலைகிற வெள்ளைக்காரரைப் பார்த்து நாம் சிரிப்பதுண்டல்லவா. அந்த இடத்தில் நீங்கள் நிற்க வேண்டாம். என்னைக் கேட்டால், தேனிலவுக்கு ஒரு மாதம் பொறுத்துப் போகலாம்.

கேள்வி: கோலாலம்பூரில் என் கணவரின் மலாய் நண்பர் எங்களை இப்தார் எனும் நோன்பு துறக்கும் விருந்துக்கு அழைத்திருக்கிறார். நாங்கள் சைவ உணவுக்காரர். எதைச் சாப்பிடுவது, எப்படி மறுப்பது?
– தெஹிவளை வாசகி

பதில்: அழைப்பை மறுக்காதீர்கள், சைவம் என்பதை இன்றே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் தட்டைத் தள்ளி வைப்பதுதான் மனம் நோகச் செய்யும். தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு போட்டதா என்று கேட்டுப் பழகிய கொழும்புக்காரருக்கு இது புதிதல்ல. அங்கே மாசிக்குப் பதிலாகப் பெலாச்சான் எனும் இறால் விழுது. கீரைச் சுண்டலிலும் மரக்கறிக் குழம்பிலும்கூட அது ஒளிந்திருக்கும். கம்போங் பாரு பள்ளிவாசலில் பெரிய கிடாரங்களில் காய்ச்சிப் பகிரும் கஞ்சி, கொழும்பு மருதானையில் பிற்பகல் அசர் தொழுகைக்குப் பின் பாத்திரத்தோடு வரிசையில் நின்று வாங்குகிற நோன்புக் கஞ்சியின் உறவுதான். அதே தேங்காய்ப் பால் மணம், அதே இறைச்சி. அதை விட்டுவிடுங்கள். பேரீச்சம்பழமும் பழங்களும் உங்களுக்கு உரியவை. ரம்பை நிறத்தில் உருட்டி, உள்ளே சர்க்கரைப் பாகு வைத்து, தேங்காய்ப்பூவில் புரட்டிய ஒண்டே-ஒண்டே கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். நம்முடைய கொழுக்கட்டை கடல் கடந்து போனதுபோல் இருக்கும்.

பரிசாக ஒரு பெட்டி நல்ல பேரீச்சம்பழமோ, இலங்கைத் தேயிலையோ போதும். கோலாலம்பூரில் அக்காலத்தில் ஏழரை மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது. கொழும்பில் ஆறு இருபதுக்குப் பழகிய வயிறு அதற்குள் கூப்பாடு போடும். ஆகவே அந்நகரின் இந்தியர் பகுதியான பிரிக்பீல்ட்ஸின் சைவக் கடையொன்றில் ஐந்து மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். போய்ச் சேர்ந்ததும், வீட்டுக்காரர் முதல் பழத்தை எடுக்கும் வரை கையை மடியில் வைத்திருங்கள்.