அறுவடைக்கு முன், அறுவடைக்குப் பின்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 38, மென்பொருள் வேலை. அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. கையில் காசு தங்காத வீடுதான், ஆனால் அவர் முகத்தில் இருந்த நிம்மதி எனக்கு இல்லை. வீடு, கார் எல்லாம் வந்துவிட்டது, கடனோடு. இப்போது முதலீட்டுக்காக இன்னொரு ஃப்ளாட் வாங்கச் சொல்கிறார்கள். 18 வருட இஎம்ஐ. பணம் சேரச் சேர மகிழ்ச்சி குறையும் என்பது உண்மைதானா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உண்மை இல்லை. ஆண்டு வருமானம் 75,000 டாலருக்கு மேல் போனால் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்று அமெரிக்கத் தரவுகளை வைத்து உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டனும் 2010இல் எழுதினார்கள். ஊரெல்லாம் பரவிய முடிவு அது. பிறகு அதை மறுத்த ஆய்வாளர் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தோடு கானமனே சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார். 2023இல் வந்த பதில் வேறு: பெரும்பாலானோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடிக்கொண்டே போகிறது. மிகவும் வாடிப்போயிருக்கும் ஒரு சிறு பகுதியினருக்குத்தான் ஓர் அளவுக்கு மேல் பணம் உதவவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இன்னும் பக்கத்தில் நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை பகுதியில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை வைத்துச் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. பொருளியலாளர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் செய்தது. கரும்புக்காரருக்கு வருமானம் அறுவடையை ஒட்டி மொத்தமாக வரும். அதற்கு முந்தைய மாதங்களில் கை வறண்டு, நகை அடகுக்குப் போகும். விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்கும் புதிர் போன்ற சோதனைகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் அதே ஆட்களுக்குக் கொடுத்தார்கள். பணம் வந்த பிறகு தெளிவாகச் செய்தார்கள். மூளை அதேதான். 'வட்டிக்கு என்ன செய்வது' என்ற அரிப்பு போனதும் அது தன் வேலையைப் பார்த்தது. பணம் தரும் சுகங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

அப்பாவின் நிம்மதியை அம்மாவிடம் விசாரித்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனில் அவர் சங்கிலி எங்கே இருந்தது? எத்தனையோ மில் குடும்பங்களில் அது அடகுக்கடையில் இருந்தது. ரசீதை நாலாக மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசி டின்னுக்குள் வைத்திருப்பார்கள். தீபாவளி போனஸ் வந்ததும் மீட்பார்கள். அந்த முகத்தின் பின்னால் என்ன ஓடியது என்று பிள்ளைகளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த வறுமையைத் தயவுசெய்து அழகாக்கிவிடாதீர்கள்.

ஆனால் ஒன்று அப்பாவிடம் இருந்தது, உங்களிடம் இல்லை. அவர் கடனுக்கு போனஸ் நாள் என்று ஒரு கெடு இருந்தது. உங்களுக்கோ ஒன்றாம் தேதி சம்பளம் வந்து ஐந்தாம் தேதிக்குள் கரைகிறது. நல்ல வருமானம் இருந்தும் வருடம் முழுக்க அறுவடைக்கு முந்தைய மாதமாகவே வாழ்கிறீர்கள். வேலை போனால் என்ன ஆகும் என்ற பயத்தோடு ஒவ்வொரு அப்ரைசலுக்கும் போகிறீர்கள், இல்லையா?

அதனால் இன்னொரு ஃப்ளாட் வேண்டாம் என்பேன். முதலில் கார் கடனை அடையுங்கள். அப்புறம் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை, சுலபமாக எடுக்க முடிகிற இடத்தில் போட்டு வையுங்கள். வீட்டுக் கடன் அது பாட்டுக்குப் போகட்டும். உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவரிடமும் கேளுங்கள், அந்த 18 வருடம் அவருடையதும்தான்.