லிஸ்டில் 41, சண்டைக்கு 17

கேள்வி: கம்பத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். க்ளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற மொபைல் விளையாட்டில் எங்கள் கிளானுக்கு, அதாவது எங்கள் குழுவுக்கு, நான்தான் லீடர். மாமா பையன்கள், அவர்களுடைய பாலிடெக்னிக் கூட்டாளிகள் என்று பத்துப் பேரோடு ஆரம்பித்தது. அப்புறம் தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், குமுளி, வண்டன்மேடு, கட்டப்பனை பக்கத்து மலையாளப் பையன்கள் எல்லாம் சேர்ந்து இப்போது 41 பேர். இரண்டு முறை 30 பேரை இறக்கி இன்னொரு கிளானோடு வார் (சண்டை) போட்டோம். இரண்டிலும் தோல்வி. போன வாரில் 13 பேர் ஒரு அட்டாக் கூடப் போடவில்லை. கோ-லீடராக இருக்கும் மாமா பையன், "சும்மா கிடக்கிறவனையெல்லாம் தூக்கிட்டு 50 பேரை ஃபுல் பண்ணு" என்கிறான். கட்டப்பனைக்காரர்கள், "சேச்சி, ரெண்டு கிளானாப் பிரிச்சிடலாம்" என்கிறார்கள். புதிதாகச் சேர்கிறவர்களோ ட்ரூப்ஸ் (கிளானில் ஒருவருக்கொருவர் கொடுக்கும் படை) வாங்கிக்கொண்டு இரண்டே நாளில் காணாமல் போகிறார்கள். ஒரு கிளானுக்கு எத்தனை பேர் இருந்தால் சரி? யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது?
பெயர் வேண்டாம், கம்பம்

பதில்: 30 பேரைப் போட்டீர்கள், 13 பேர் வரவில்லை. அப்படியென்றால் உங்கள் கிளானின் அளவு 17. அந்த 41 என்பது ரேஷன் கார்டில் இருக்கும் பெயர்கள் மாதிரி. கல்யாணமாகிப் போனவர்கள், திருப்பூருக்கு வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். அந்த 41-இல் உங்கள் மாமா பையன்களின் மினி அக்கவுண்ட் (ஒரே ஆள் வைத்திருக்கும் இரண்டாவது கணக்கு) எத்தனை என்பதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 30 பேர் வாரில் ஆளுக்கு இரண்டு வீதம் 60 அட்டாக். 13 பேர் வராததால் 26 அட்டாக் போய்விட்டது. மீதி 17 பேரும் இரண்டையும் போட்டிருந்தால்கூட 34தான். எதிரில் ஆளுக்கு ஒரு ஊர் என்று 30 பேஸ் இருக்கிறது. அதாவது ஏறக்குறைய ஒவ்வொரு பேஸையும் ஒரே அடியில் முடிக்க வேண்டும். சறுக்கினால் திரும்பப் போக ஆள் கிடையாது. இந்த நிலையில் நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தும் தோற்கத்தான் செய்வீர்கள். அதே 17 பேரை வைத்து 15 பேர் வார் போட்டிருந்தால் 30 அட்டாக், 15 பேஸ். ஒரு பேஸை முழுசாக முடித்தால் மூன்று ஸ்டார்; ஒருவர் இரண்டு ஸ்டாரோடு திரும்பினாலும் இன்னொருவர் போய் மூன்றாக்கிவிட்டு வரலாம். விளையாடுகிற ஆள் மாறவில்லை, திறமையும் மாறவில்லை. லீடர் வார் அளவைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு திரையில்தான் வித்தியாசம்.

பெரிய கூட்டத்தின் மேல் ஆசை எல்லாருக்கும் உண்டு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. 2004-இல் வந்தபோது அதில் பெரிய ரெய்டுக்கு, அதாவது கூட்டமாகப் போய்ப் பெரிய எதிரியை அடிப்பதற்கு, 40 பேர் போகலாம். 40 பேரை ஒரே ராத்திரியில் உட்கார வைப்பதற்குள் கில்ட் (அங்கே கிளானுக்கு அதுதான் பெயர்) தலைவர்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். 2007-இல் அது 25 ஆனது, அடுத்த வருடம் அதே ரெய்டுகளுக்கு 10 பேராகவும் போக வழி வைத்தார்கள். 2013-இல் 10 முதல் 25 வரை எத்தனை பேர் வருகிறார்களோ அதற்குத் தக்கபடி எதிரியின் பலமே ஏறி இறங்கும் முறையைக் கொண்டு வந்தார்கள். உங்கள் விளையாட்டில் அந்த வசதி தானாக நடக்காது. ஆனால் சாதாரண வாரில் 5, 10, 15, 20 என்று அளவை நீங்களே வைக்கலாம். அந்தத் தேர்வை "போன தடவை 30 போட்டோம், இந்தத் தடவை குறைத்தால் கௌரவக் குறைச்சல்" என்று செய்யாதீர்கள்.

உங்கள் ஊர் விஷயம் இன்னொன்று இருக்கிறது. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே ஜீப் ஏறுகிறார்கள். மேலே போனால் பல இடங்களில் சிக்னல் கிடையாது. சாயங்காலம் இறங்கி, குளித்துச் சாப்பிட்டுப் படுப்பதற்கு நடுவில் கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் அவர்களுடையது. காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் இல்லை. நீங்கள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வார் தேடலைப் போட்டுவிட்டு, புதன் மத்தியானம் தொடங்கி வியாழன் மத்தியானம் முடிகிற சண்டைக்கு அவர்கள் வரவில்லை என்று கோபப்பட்டால் எப்படி? வெள்ளிக்கிழமை ராத்திரி கடை அடைத்ததும் தேடலைப் போடுங்கள். தயாரிப்பு நாள் கழிந்து சனி ராத்திரி சண்டை தொடங்கும். ஞாயிறு முழுக்கக் கையில் இருக்கும். வீரபாண்டித் திருவிழா வாரத்திலும் ஓண வாரத்திலும் வாரே வேண்டாம், இல்லை பத்துப் பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வந்த 17 பேர் இந்த ஒரு மாற்றத்திலேயே 20 ஆனால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

சரி, எத்தனை பேர் வேண்டும்? பில் போடுகிறவர் நீங்கள், நோட்டு எழுதத் தெரியாதா என்ன. ஒரு பக்கத்தில் பெயர்களை எழுதி, ஒவ்வொரு வார் முடிந்ததும் எதிரே 2, 1, 0 என்று போட்டு வாருங்கள். நாலைந்து வாரில் ஆள் யார் என்று தெரிந்துவிடும். மிக மோசமான வாரில் எத்தனை பேர் இரண்டு அட்டாக்கும் போட்டார்களோ, அந்த எண்ணுக்குக் கீழே வரும் அளவுதான் உங்கள் வார் அளவு. 17 என்றால் 15. அதற்கு மேல் ஐந்தாறு பேர் வெளியே காத்திருந்தால் போதும். பத்துப் பேர் காத்திருந்தால் ஆபத்து. உள்ளே இடம் கிடைக்காதவன் மூன்றாவது வாரத்தில் வேறு கிளானைத் தேடிப் போவான், அப்படிப் போகிறவன் பெரும்பாலும் நன்றாக ஆடுகிறவனாகவும் இருப்பான்.

மாதத் தொடக்கத்தில் வரும் வார் லீக்கில் இது இன்னும் நன்றாகத் தெரியும். ஏழு நாள், தினமும் 15 பேர், ஆளுக்கு ஒரு அட்டாக். மொத்தம் 105 வாய்ப்பு. 20 பேர் இருந்தால் ஆளுக்கு ஐந்து நாள் கிடைக்கும், ஐந்து மிச்சமும் இருக்கும். ஏழு நாளில் 8 ஸ்டார் எடுத்தால் ஒருவருக்கு உரிய மெடல் முழுசாக வந்துவிடும், ஐந்து அட்டாக்கில் அது முடியாத காரியமில்லை. தினமும் ஆளை மாற்ற முடியும் என்பதால் 20 பேரைத் தாராளமாகச் சுற்றலாம். 30 பேரைச் சுற்றினால் ஆளுக்கு மூன்றரை நாள்தான், முணுமுணுப்பு வந்துவிடும்.

ஆள் எடுப்பதற்கு வருகிறேன். தலையை எண்ணி எடுக்காதீர்கள், ஓட்டையைப் பார்த்து எடுங்கள். மாமா பையன்கள் நாலைந்து பேர் டவுன் ஹால் (பேஸின் முக்கியக் கட்டடம், அதன் எண்தான் ஒருவர் எட்டிய நிலை) 16, 17-இல் இருப்பார்கள். புதுப் பையன்கள் 9, 10-இல் இருப்பார்கள். நடுவில் 12, 13-இல் ஆள் இருக்கிறாரா? பெரும்பாலான சொந்தக்காரக் கிளான்களில் இருக்க மாட்டார்கள். எதிரியின் நடு பேஸ்களை அடிக்க மேலே இருப்பவர்களே இறங்கி வந்து தங்கள் அட்டாக்கைச் செலவழிக்க வேண்டியிருக்கும், அப்புறம் மேல் பேஸ்களுக்கு ஆள் இருக்காது. அதனால் அடுத்து எடுக்கும் மூன்று பேரும் நடுவில்தான். எங்கே கிடைப்பார்கள் என்றால், இருப்பவர்களின் கூட்டாளிகள்தான். ஜீப்பில் பக்கத்தில் உட்காருகிறவர், ஏலக்காய் ஸ்டோரில் கூட வேலை பார்ப்பவர். தெரிந்த முகம் ஒன்று உள்ளே இருந்தால் இரண்டு நாளில் ஓட மாட்டார். ஒரே சமயத்தில் பத்துப் பேரைச் சேர்த்தால் யாரும் யாருடனும் பேச மாட்டார்கள். இரண்டு மூன்று பேராகச் சேருங்கள்.

ட்ரூப்ஸ் வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் எல்லாரும் 'யார் வேண்டுமானாலும் சேரலாம்' என்ற கதவு வழியாக வந்தவர்கள். அதை 'அழைப்பின் பேரில் மட்டும்' என்று மாற்றி, டவுன் ஹால் அளவையும் வைத்துவிடுங்கள். கிளான் அறிமுகத்தில் "வெற்றி மட்டுமே லட்சியம், தினமும் ஆக்டிவ் வேண்டும்" என்று எழுதியிருந்தால் அழித்துவிட்டு உண்மையை எழுதுங்கள்: "கம்பம்-குமுளி பசங்க. தமிழ், மலையாளம் ரெண்டும் ஓடும். வாரம் ஒரு வார், சனி ராத்திரி தொடங்கும். வேலை இருந்தா வர வேண்டாம், வரேன்னு சொன்னா வரணும்."

அந்தக் கடைசி வரிக்குள்தான் உங்கள் மாமா பையனுக்கான பதிலும் இருக்கிறது. ஒவ்வொருவர் புரொஃபைலிலும் வாருக்கு வருகிறேன் என்ற பச்சை, வரவில்லை என்ற சிவப்பு இருக்கிறது. சிவப்பு போட்டவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஏலக்காய் முடியட்டும், வருவார். பச்சை போட்டுவிட்டு வராதவரை அடுத்த வாரில் சேர்க்காதீர்கள். சத்தம் போட வேண்டியதும் இல்லை. ஆனால் கிளானை விட்டுத் தூக்குவது எதற்கு? 50 பேருக்கு இடம், 41 பேர் இருக்கிறீர்கள். ஒன்பது நாற்காலி காலியாகக் கிடக்கும்போது யாரை எழுப்பி யாரை உட்கார வைக்கப் போகிறான்? வாருக்கு வராவிட்டாலும் சாட்டில் "சேச்சி சாப்பிட்டாச்சா" என்று கேட்டுவிட்டு ட்ரூப்ஸ் கொடுத்துப் போகும் ஆள் இருந்தால், அவரும் கிளானுக்கு வேண்டியவர்தான். ஒருவரைத் தூக்க நல்ல காரணம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான், சாட்டில் அசிங்கமாகப் பேசுவது. அதற்கு நோட்டைப் பார்க்கவும் வேண்டாம், ஓட்டு எடுக்கவும் வேண்டாம்.

பிரிப்பது இப்போது வேண்டவே வேண்டாம். 17-ஐ இரண்டாக்கினால் எட்டும் ஒன்பதும். இரண்டு பக்கமும் ஐந்து பேர் வாரோடு நிற்க வேண்டும், லீக்குக்கு 15 பேரைச் சேர்க்க இரண்டு லீடர்களும் அதே ஆட்களையே கேட்டுக்கொண்டு அலைவார்கள். ஒவ்வொரு பக்கமும் தனியாக, மோசமான வாரத்திலும், 15 பேரைக் கொண்டுவரும் காலம் வந்தால் பிரியுங்கள். அதுவரை கட்டப்பனைக்காரர்களின் குறை வேறு ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோ-லீடர் எல்லாரும் கம்பத்துச் சொந்தக்காரர்களா? அப்படியென்றால் குறை அதுதான். அவர்களில் ஒருவரைக் கோ-லீடராக்கி, அந்தப் பக்கத்து ஆட்களை வாருக்குச் சேர்ப்பதை அவரிடம் விடுங்கள்.

மாமா பையனிடம் வார் தொடங்கும் வேலையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கோ-லீடர் எல்லாராலும் அந்தப் பொத்தானை அமுக்க முடியும் என்பதால் இதைப் பேசித்தான் முடிக்க வேண்டும், விளையாட்டு உங்களுக்காகத் தடுக்காது. மேலே இருக்கும் ஐந்து பேஸை யார் அடிப்பது என்று முடிவு செய்யும் வேலையை அவனிடம் கொடுங்கள். வீராப்புக்கு அங்கே நல்ல வேலை இருக்கிறது. வீட்டில் அத்தை கேட்டால், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.