சளிக் கப்பில் எச்சில் போனால்...

காசநோய் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு எங்கள் மருத்துவக் குழுவின் பதில்கள்

கேள்வி: என் மனைவி விடியற்காலை ஜீப்பில் குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவள். ஒரு மாதமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், ஆளும் இளைத்துவிட்டாள். சளிப் பரிசோதனையில் 'கிருமி இல்லை' என்று வந்தது. திரும்பவும் சளி கேட்கிறார்கள். எதற்கு?
- வாசகர், கூடலூர் (தேனி மாவட்டம்)

பதில்: கொடுக்கத்தான் வேண்டும். இரண்டு வாரம் தாண்டிய இருமலோடு மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்திருக்கும்போது, ஒரே ஒரு 'இல்லை'யை நம்பி விட்டுவிட முடியாது. மைக்ராஸ்கோப்பில் கிருமி கண்ணில் பட, ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 வரை இருந்தாக வேண்டும். சிபிநாட் என்கிற ஜீன் பரிசோதனைக்கு 150-க்கும் குறைவாக இருந்தாலே போதும். காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சுமார் இரண்டு மணி நேரத்தில் அது சொல்லிவிடும். எந்தப் பரிசோதனை செய்தார்கள் என்று முதலில் ரிப்போர்ட்டில் பாருங்கள்.

அடுத்தது, கப்பில் போனது சளிதானா? நுரையும் தண்ணியுமாக இருந்தால் அது எச்சில்; எந்த மெஷினில் போட்டாலும் பலனில்லை. இரவெல்லாம் நெஞ்சில் தேங்கி, எழுந்ததும் வருவதுதான் நல்ல சளி. உங்கள் வீட்டில் அந்த நேரம் ஜீப்பைப் பிடிக்கும் அவசரத்தில் போய்விடும். அதனால் கப்பை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுந்ததும், டீ குடிக்கும் முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கட்டும். வீட்டுக்கு வெளியே, காற்றாடும் இடத்தில் நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழ இழுத்து நிறுத்தி, அடிவயிற்றிலிருந்து இருமச் சொல்லுங்கள். அரை டீஸ்பூன் முதல் ஒரு டீஸ்பூன் வரை, கெட்டியாக இருந்தால் போதும். மூடியை இறுக மூடி, வெயில் படாமல் அன்றைக்கே லேபில் சேர்த்துவிடுங்கள். வழக்கமாக இரண்டு மாதிரி கேட்பார்கள். இது ஒன்று, அங்கே போனதும் எடுப்பது இன்னொன்று.

இடையில் மெடிக்கல் ஷாப்பில் லீவோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். இருமல் கொஞ்சம் தணிந்து, நோய் பிடிபடாமல் தள்ளிப்போகும். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அவர்களுக்கு நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நோய் வந்து, எக்ஸ்ரேயில் சாதாரண நிமோனியா போலத் தெரிவதுண்டு.

கேள்வி: 19 வயது மகனுக்குக் கழுத்தில் நெறி கட்டி, வலியே இல்லாமல் பெரிதானது. இருமல் கிடையாது. ஒரு கட்டியை அறுத்தெடுத்து அனுப்பியதில் 'காசநோயாக இருக்கலாம்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். உறுதியாகச் சொல்ல முடியாதா?
- வாசகி, போடி

பதில்: எடுத்த கட்டி முழுவதையும் ஃபார்மலினில் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறோம். இது அடிக்கடி நடக்கிற தவறு. ஃபார்மலின் திசுவைக் கெடாமல் காக்கும், கிருமியைக் கொன்றுவிடும். அதன்பின் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அது ஆகவே ஆகாது. ஒரு துண்டு ஃபார்மலினில் திசுப் பரிசோதனைக்கு, இன்னொரு துண்டு வெறும் சலைனில் (உப்புநீரில்) சிபிநாட்டுக்கும் கல்ச்சருக்கும் என்று இரண்டு பாட்டிலாகப் போயிருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே உறவினர் இதைக் கேட்பதில் தப்பில்லை.

இன்னொரு கட்டி மிச்சமிருந்தால் ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பார்க்கலாம். மறுபடி அறுக்க வேண்டி வராமலே போகலாம். இந்த வயதில் கழுத்துக் கட்டி லிம்போமா புற்றுநோயாகவும் இருக்கலாம் என்பதால், உறுதி செய்துகொள்வது அவசியம். கட்டியிலிருக்கும் நோய் காற்றில் பரவாது. ஆனாலும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, நுரையீரலில் இல்லையென்று பார்த்துவிடுங்கள். மாத்திரை தொடங்கியபின் கட்டி பெருப்பதும், புதிதாக ஒன்று கிளம்புவதும் உண்டு. அதைக் கண்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு நான்கு மாதமாக நடுமுதுகில் வலி, ராத்திரியில் அதிகம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. எண்ணெய் போட்டு நீவி வருகிறோம்.
- வாசகர், புளியரை

பதில்: நீவுவதை இன்றே நிறுத்துங்கள். முதுகெலும்பு காசநோயில் எலும்பு கணிசமாக அரிக்கப்பட்ட பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும். ராத்திரி வலியும் எடைக் குறைவும் காய்ச்சலும் இருந்தால் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு எலும்பும் நடுவிலுள்ள தட்டும் சேர்ந்து கெட்டிருந்தால் சந்தேகம் வலுக்கும். பிறகு ஸ்கேன் பார்த்தபடி ஊசி போட்டு மாதிரி எடுப்பார்கள். கால் பலவீனமானாலோ சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ அன்றே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: ரத்தத்தில் டி.பி. ஆன்டிபாடி பார்த்தால் தெரிந்துவிடாதா?
- வாசகர், கம்பம்

பதில்: தெரியாது. நம்பத்தகாதது என்று 2012-லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. கையில் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்தில் தடிப்பை அளக்கும் மாண்டோ, கிருமி உடம்புக்குள் நுழைந்திருக்கிறதா என்பதைத்தான் காட்டும். நோய் இருக்கிறதா என்று காட்டாது.

கேள்வி: தமிழ்நாட்டுப் பக்கம் நோய் கண்டுபிடித்தார்கள். வேலை கேரளத்து வண்டன்மேட்டில். மாத்திரைக்கு ஒவ்வொரு முறையும் மலையிறங்க வேண்டுமா?
- வாசகர், கம்பம்மெட்டு

பதில்: வேண்டாம். நிக்‌ஷய் எண், அதாவது காசநோயாளிக்கு அரசு தரும் பதிவு எண், நாடு முழுக்க ஒன்றுதான். இங்குள்ள காசநோய்ப் பிரிவில் கேரளத்துக்கு மாற்றச் சொன்னால் அங்கேயே இலவசமாகத் தருவார்கள். சிகிச்சைக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் உணவுத்தொகையும் உண்டு. கையில் ஒரு வாரத்து மாத்திரையாவது இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) கூடவே தங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், அதற்கும் நோய் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் தடுப்பு மருந்து தரச் சொல்லிக் கேளுங்கள்.