அம்மாவுக்கு ஜாக்2 பாசிட்டிவ்: பிள்ளைகளும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. ஹீமோகுளோபின் 18.2 இருந்ததால் டாக்டர் ஒரு டெஸ்ட் எழுதினார். ‘ஜாக்2 வி617எஃப் – டிடெக்டட்’ என்று வந்திருக்கிறது. ரத்தம் எடுக்க வந்த லேப் ஆள், இது ஜீன் கோளாறு, பிள்ளைகள் மூன்று பேருக்கும் எடுத்துவிடுங்கள், ஃபேமிலி பேக்கேஜாக 18,000 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். தங்கைக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் ஒரே சண்டை. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மூன்று பேருக்குமே வேண்டாம். அந்த 18,000 ரூபாயை நிச்சயதார்த்தச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜீன் என்றாலே பரம்பரை என்று நம்மிடம் ஒரு கணக்கு இருக்கிறது. லேப் ஆட்கள் பிழைப்பதே அந்தக் கணக்கில்தான். உங்கள் அம்மாவுக்கு வந்திருக்கும் மாற்றம் அவருடைய எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒரு தாய் செல்லில் ஏற்பட்டு, அந்த ஒரு செல்லின் வாரிசுகளாகப் பெருகியது. கருமுட்டைக்கு அதில் பங்கே இல்லை. அம்மாவுக்கு முடி நரைத்தது மாதிரி, அது அவரோடு இருக்கும் விஷயம், உங்களுக்குத் தந்த சொத்து இல்லை.

நடந்தது இதுதான். ரத்தம் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனை அனுப்பும். அது மஜ்ஜை செல்லின் வெளியே வந்து ஒட்டியதும், உள்ளே இருக்கும் ஜாக்2 என்ற புரதம் ‘சிவப்பணு தயார் செய்’ என்ற உத்தரவை உள்ளே கடத்தும். ரோமானியர்களின் இரண்டு முகக் கடவுள் ஜேனஸ் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் வேலை செய்யும், இன்னொரு பக்கம் பிரேக் பிடிக்கும். இந்தப் புரதத்தில் வரிசையாக 1,132 அமினோ அமிலங்கள். 617-வது இடத்தில் வேலின் இருக்க வேண்டும், அங்கே ஃபினைல்அலனின் வந்து உட்கார்ந்துவிட்டது, அதுவும் சரியாகப் பிரேக் பக்கத்தில். மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது, ஆனால் ஸ்டார்ட்டர் சிக்கிக்கொண்டதால் மோட்டார் நிற்காமல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் ‘போதும்’ என்று ஹார்மோனைக் குறைத்தாலும் மஜ்ஜை கேட்பதில்லை. 2005-ல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள், நான்கு குழுக்கள் தனித்தனியாக. சிவப்பணு அளவுக்கு மீறிப் பெருகும் பாலிசைத்தீமியா வெரா என்ற இந்த வியாதி உள்ளவர்களில் 95 சதவீதத்துக்கும் மேல் இதே மாற்றம்தான்.

ரிப்போர்ட்டில் இருக்கும் வார்த்தையை கூகுளில் தேடினால் கேன்சர் என்று வரும். வகைப்படி அது ஒரு ரத்தப் புற்றுதான், மறைக்க விரும்பவில்லை, ஆனால் மெதுவாகப் போகிற ரகம், ஒழுங்காகக் கவனித்துக்கொண்டு பல வருடங்கள் நன்றாக இருப்பவர்கள் நிறையப் பேர். இதையெல்லாம் யார் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்? டெஸ்ட் எழுதிய இடத்தில் இரண்டு நிமிடம் பேசியிருந்தால் லேப் ஆள் உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஜெனடிக்ஸ் பாடம் எடுத்திருக்க மாட்டார். ஓ.பி. சீட்டில் ‘ஜாக்2 +’ என்று மூன்று கிறுக்கல், அவ்வளவுதான், அடுத்த டோக்கன்.

பரம்பரையாக ரத்தம் அதிகமாகும் குடும்பங்கள் இல்லவே இல்லையா என்றால், உண்டு. ஃபின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மாந்திராந்தா 1964 இன்ஸ்ப்ரக் குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கினார். அவருக்கு ரத்தம் அதிகம் என்பதால் ஊக்கமருந்துச் சந்தேகம் வந்தது. பிறகு குடும்பத்தையே பரிசோதித்தபோது, சொந்தக்காரர்கள் பலருக்கும் அதே மாதிரி இருந்தது. ஆனால் கவனியுங்கள், அவர்களுடைய கோளாறு ஜாக்2-வில் இல்லை, அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பியின் ஜீனில். அது பிறவியிலேயே உடம்பின் எல்லாச் செல்லிலும் இருப்பது, அதனால்தான் பிள்ளைக்கும் போகிறது. ரஷ்யாவின் சுவாஷியாவிலும் இப்படிக் குடும்பங்கள் உண்டு, அங்கே வேறொரு ஜீன். இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்தக் கதையைக் காட்டித்தான் பேக்கேஜ் விற்கிறார்கள். உங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே இரண்டு மூன்று பேருக்கு ஹீமோகுளோபின் அதிகம் என்றால் மட்டும் இந்தப் பக்கம் யோசிக்கலாம். அப்போதும் முதலில் எடுக்க வேண்டியது ரத்த அணுக்களை எண்ணும் சாதாரண சிபிசி டெஸ்ட். அதுவே நார்மல் என்றால் பேச்சு முடிந்தது. மாப்பிள்ளை வீட்டில் சொல்வது உங்கள் விருப்பம், தங்கையின் உடம்பைப் பற்றிச் சொல்ல இதில் எதுவும் இல்லை.

சரி, அம்மாவுக்கு வருவோம். கவலை ரத்தக்கட்டிதான், அதாவது பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நாளத்தில் அடைப்பு. ரிப்போர்ட்டில் பிசிவி அல்லது ஹெமடோகிரிட் என்ற வரியைப் பாருங்கள், ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்பதுதான் அது. அது 45-க்குக் கீழே இருக்க வேண்டும். 2013-ல் வந்த இத்தாலிய ஆய்வில், 45-க்கும் 50-க்கும் நடுவில் விட்டவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் ஆபத்து கிட்டத்தட்ட நான்கு மடங்கு. இதற்கு வழி பழைய வழிதான், அவ்வப்போது ஒரு பை ரத்தம் எடுத்துவிடுவது, கூடவே குறைந்த அளவு ஆஸ்பிரின், அதுவும் டாக்டர் சொன்ன பிறகு. மஜ்ஜைப் பரிசோதனை எழுதினால் மறுக்காதீர்கள், அது வீண் செலவில்லை. குளித்தவுடன் உடம்பெல்லாம் அரிக்கிறது என்று அம்மா சொல்லியிருக்கிறாரா? அலர்ஜி மாத்திரையிலேயே இரண்டு வருடம் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், அது இந்த வியாதியின் அடையாளம். ரத்தத்தைக் கரைக்கும் லேகியம், வாட்ஸ்அப்பில் வரும் ‘வெளிநாட்டு மாத்திரை’ புரோக்கர், இரண்டையும் வாசலிலேயே நிறுத்துங்கள்.

அப்புறம் ஒரு பெரிய வம்பு, இரும்புச்சத்து மாத்திரை. ரத்தம் எடுத்து எடுத்து உடம்பில் இரும்பு குறையும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் கீழே போகும். ரிப்போர்ட்டில் அந்த வரி சிவப்பாக இருப்பதைப் பார்த்து, அம்மா சோர்வாக இருக்கிறார் என்று யாராவது ஒருவர், சில சமயம் மருந்துக்கடைக்காரரே, மாத்திரை கொடுத்துவிடுவார். நான் பார்த்த ஒரு அம்மாவுக்கு அப்படித்தான், இரண்டே மாதத்தில் பிசிவி 43-லிருந்து 52. எல்லாரும் வியாதி முற்றிவிட்டது என்று பதறினார்கள், மருந்துப் பையைக் கொட்டச் சொன்னேன், உள்ளே சிவப்பு கேப்ஸ்யூல் அட்டை. ரத்தவியல் நிபுணர் எழுதினாலொழிய இரும்பு வேண்டாம்.

அடுத்த சிபிசி எப்போது என்று உங்கள் சீட்டில் தேதி இல்லை என்றால், திரும்பப் போய் எழுதி வாங்குங்கள்.