இணைய இணைப்பை மாற்றிவிடலாமா?

கேள்வி: வீட்டில் விநாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள ஃபைபர் இணைப்பு இருக்கிறது. இருந்தும், இரவில் தொலைக்காட்சியில் படம் பார்க்கும்போது காட்சி அடிக்கடி நின்று வட்டம் சுழல்கிறது. வேறு நிறுவனத்திற்கு மாறிவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அவசரம் வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் தனது மிகத் துல்லியமான 4கே காட்சிகளுக்கே 15 மெகாபிட் வேகத்தைத்தான் பரிந்துரைக்கிறது என்பதால், நீங்கள் வாங்கியிருக்கும் வேகம் தாராளமானது. அது தொலைக்காட்சி வரை வந்து சேர்கிறதா என்பதே கேள்வி. படம் தடைபடும் அதே இரவு நேரத்தில், மடிக்கணினியை லேன் கேபிள் மூலம் ரௌட்டருடன் நேரடியாக இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். அப்போதும் வேகம் மிகக் குறைவாக இருந்தால், பகலிலும் ஒருமுறை சோதித்து, இரண்டு அளவுகளையும் குறிப்பிட்டு நிறுவனத்திடம் புகார் செய்யலாம்; மாலைக்குப் பின் பலரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால் ஏற்படும் நெரிசலுக்கு நீங்கள் பொறுப்பல்ல.

கேபிளில் வேகம் சரியாக இருந்தால், குறை பெரும்பாலும் வைஃபையில்தான். வைஃபை பொதுவாக இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவர்களைத் தாண்டி ஓரளவு தொலைவு செல்லும் என்றாலும், அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு ஆகிய அனைத்தும் அதிலேயே முட்டிமோதுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் கனத்த செங்கல் சுவரும் கான்கிரீட்டும் அதைப் பெரிதும் பலவீனப்படுத்திவிடும். நம் வீடுகளில் ரௌட்டரைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவின் மேலோ ஒளித்து வைக்கும் வழக்கம் ஏன் வந்ததோ தெரியவில்லை! அதை வெளியே எடுத்து, வீட்டின் நடுவில், சற்று உயரத்தில் வையுங்கள். தொலைக்காட்சி அசையாப் பொருள் என்பதால், அதற்கு நிரந்தரமாக ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுவதே என் முதல் தேர்வு.