பாட்டி வீட்டுக் கொல்லையை ஒரே நாளில் சுத்தம் செய்யலாமா?

கேள்வி: திருவாரூர் பக்கம் எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டிய பாட்டி ஒருவர் ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். கொல்லை முழுக்கப் புதர், திண்ணை வரை பழைய சாமான். நாங்கள் பத்துப் பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துக் கொடுத்துவிடலாமா?

பதில்: தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். நானும் ஒருமுறை இப்படி வேகம் காட்டியவன்தான். பரணில் கிடந்த ஓட்டைச் சொம்பைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டோம். உள்ளே துணியில் சுற்றி வீட்டுவரி ரசீதுகள் இருந்தன. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் போனபோது கதவைத்தான் திறக்கவில்லை.

அதனால் முதலில் கொல்லை, கடைசியில் வீடு. பாட்டியை நிழலில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். எதையும் அவரிடம் காட்டிவிட்டு எடுங்கள். அவர் வாயால் 'வேண்டாம்' என்று வந்தால்தான் அது குப்பை.

ஐப்பசி அடைமழைக்கு முன்பே இறங்கிவிடுங்கள், நன்றாக வெயில் ஏறிய பிறகு. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். பகலில் செங்கல் குவியல், தென்னை மட்டை அடியில் சுருண்டு கிடக்கும். கையை விடாதீர்கள், நீளக் கழியால் தள்ளி நின்று இழுங்கள். பாம்பைக் கண்டால் அடிக்காமல் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். சந்தேகம் வந்தாலே போதும். கட்டுப் போடாமல், கீறாமல், 108-ல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள், மண்சுவர் அதோடு சேர்ந்து வந்துவிடும். சுவரோடு ஒட்ட நறுக்கிவிடுங்கள், மறுபடி துளிர்த்தால் திரும்ப நறுக்குங்கள். சீமைக்கருவேலமும் வெட்டினால் மறுபடி தழைக்கும், ஆனால் அதைக் கடப்பாரை போட்டுத் தூரோடு எடுக்க வேண்டும்.

அப்புறம், தொட்டித் தண்ணீரைக் கொட்டுவதோடு விடாதீர்கள். டெங்கு கொசுவின் முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தும் உயிரோடு இருக்கும்; தேங்காய் நார் வைத்துத் தேயுங்கள். காலில் புண் உள்ளவர் சேற்றில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரலாம்.

குப்பையை எரிக்காதீர்கள். ஊராட்சியில் முன்னாடியே சொன்னால் வண்டிக்கு ஏற்பாடு செய்ய வசதியாக இருக்கும்.

இன்னொன்று: பாட்டி எப்படியும் சமைக்கிறேன் என்பார். பத்துப் பேருக்கு வேண்டாம், காபி மட்டும் போதும் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள்.